புற்றைக் கட்டியது யார்?

சங்கரன்கோவிலுக்குப் போய்வந்தவர்கள் வீட்டுப் பூஜை அலமாரியைக் கவனித்திருக்கிறீர்களா? விபூதி டப்பாவுக்கும் குங்குமச் சிமிழுக்கும் நடுவே சின்னதாக ஒரு பொட்டலம் இருக்கும். பிரித்தால் மண். வெறும் மண்.

புற்று மண் அது. சங்கரநாராயணர் கோயில் பிரசாதம். ஒரு ஊரில் லட்டு கொடுக்கிறார்கள், ஒரு ஊரில் பஞ்சாமிர்தம் கொடுக்கிறார்கள். இந்த ஊரில் மண்ணைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நெற்றியில் இட்டுக்கொள்வார்கள், தண்ணீரில் குழைத்து உடம்பில் பூசிக்கொள்வார்கள். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகங்கள் 'சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா' என்று பட்டிமன்றம் நடத்திய ஊர். அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்க கோமதி அம்மன் தபசு இருந்த ஊர். பாம்புக்கும் புற்றுக்கும் அங்கே மரியாதை அதிகம்.

மண்ணை எடுத்து வருகிறவர்கள் சும்மா வந்துவிடுவதில்லை. வீட்டில் பாம்பு, தேள், பூரான் தொந்தரவு இருந்தால் அந்தந்த உருவம் அடித்த சின்ன வெள்ளித் தகட்டை வாங்கி உண்டியலில் போடுவார்கள். கோயில் பக்கத்துக் கடைகளில் தாம்பாளத்தில் பரப்பி வைத்திருப்பார்கள். ஒருமுறை அதில் ஒரு பாம்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விரல்நீளம்கூட இல்லை. இரண்டு மூன்று வளைவு, தூக்கிய படம், கண்ணுக்கு ஒரு புள்ளி. அவ்வளவுதான். ஆனால் அச்சு அசல் பாம்பு. அது எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

"இத யாரு வரைஞ்சது அண்ணாச்சி?"

கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வரையவா? அச்சு வச்சு அடிக்கதுல்லா? மொதல்ல எவன் வரைஞ்சானோ, யாரு கண்டா?"

நியாயமான பதில். முதலில் வரைந்தவர் எழும்பூர் ஓவியக் கல்லூரிக்குப் போயிருக்க வாய்ப்பில்லை. பாம்பைப் பார்த்தார், வரைந்தார். இந்த மாதிரி ஆட்களுக்கு நாம் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். சுயம்பு.

இந்தச் சொல் எனக்குக் கொஞ்ச நாளாக இடறிக்கொண்டே இருக்கிறது. பேட்டி எடுக்கிற தொழிலில் இருப்பதால் அடிக்கடி காதில் விழுகிற சொல். ஓவியர், சிற்பி, புகைப்படக்காரர் யாரிடம் போனாலும் பத்தில் நான்கு பேர், "எனக்கு குருன்னு யாரும் கெடையாது சார். எல்லாம் நானா கத்துக்கிட்டதுதான். இயற்கைதான் குரு" என்பார்கள். நாமும் அதைக் கொட்டை எழுத்தில் தலைப்பாகப் போட்டுவிடுவோம். வாசகர்களுக்கும் பிடிக்கும். தானாக முளைத்தவன் என்றால் நமக்கு எப்போதுமே ஒரு பிரியம்.

நான் பி.காம். படித்தவன். கலைக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் கணக்குப் பதிவியலில் முதல் வருஷம் முதல் வாரம் சொல்லிக் கொடுத்தது மட்டும் மறக்கவில்லை. பெறுகிறவர் கணக்கில் பற்று எழுது. தருகிறவர் கணக்கில் வரவு எழுது. ஒரு பக்கம் ஏதாவது வந்தால் இன்னொரு பக்கம் யாரோ கொடுத்திருக்கிறார்கள். ஒற்றைப் பக்கக் கணக்கு என்று ஒன்று கிடையாது. பேலன்ஸ் ஷீட்டில் கடன் என்ற தலைப்புக்குக் கீழே பூஜ்யம் போட்டிருந்தால் நல்ல ஆடிட்டர் சந்தோஷப்பட மாட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்ப்பார்.

'எனக்கு குரு யாரும் இல்லை' என்பது அப்படிப்பட்ட பேலன்ஸ் ஷீட்.

நம் ஊரில் இதற்குப் பழமொழியே இருக்கிறது. கரையான் புற்றெடுக்க கருநாகம் குடிபுகுந்ததாம். உயிரியல்படியும் இது சரிதான். பாம்பு புற்றுக் கட்டாது. அதற்குக் கையும் இல்லை, பொறுமையும் இல்லை. கரையான்கள் மண்ணை எச்சிலில் குழைத்து, துளித் துளியாக வைத்து, ஆளுயரத்துக்கு எழுப்பிய வீட்டில் வந்து படுத்துக்கொள்ளும். நாம் போய்ப் பாலூற்றுவதும் பாம்புக்குத்தான். ஆனால் பெயர் மட்டும் பாம்புப் புற்று. கரையானுக்குப் பால் ஊற்றி நான் பார்த்ததில்லை.

நீங்கள் கேட்கலாம். "அடப் போங்க சார், மரத்தைப் பார்த்து ஒருத்தன் வரைஞ்சா மரத்துக்கு என்ன குறைஞ்சு போச்சு? குருவியைப் படம் எடுத்தா குருவி என்ன நஷ்டப்பட்டுது? இதுல கடன் எங்க வந்துது?"

நல்ல கேள்வி. வெறுமனே பார்ப்பதால் எதுவும் குறைவதில்லை என்பது உண்மைதான். பிரச்னை என்னவென்றால், மனிதர்கள் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

ஜான் ஜேம்ஸ் ஆடுபன் என்று ஒரு மகா கலைஞர். பறவை ஓவியம் என்றாலே உலகம் முழுக்க முதலில் சொல்கிற பெயர். 1785-ல் இன்றைய ஹெய்ட்டியில் பிறந்து, பிரான்ஸில் வளர்ந்து, பதினெட்டு வயதில் அமெரிக்கா போனவர். கடை வைத்தார், மில் வைத்தார். எல்லாம் படுத்துவிட்டது. 1819-ல் கடனைக் கட்ட முடியாமல் ஜெயிலுக்கே போனார். (நான் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். காமர்ஸ்காரன் புத்தி.) வெளியே வந்ததும், இனி வியாபாரம் வேண்டாம், அமெரிக்காவில் உள்ள பறவைகளை எல்லாம் வரைந்து தள்ளுகிறேன் என்று துப்பாக்கியும் காகிதமுமாகக் கிளம்பிவிட்டார்.

துப்பாக்கி எதற்கு என்கிறீர்களா? சுடுவதற்குத்தான். பறவையைச் சுட்டு வீழ்த்தி, சூடு ஆறுவதற்குள் கம்பிகளைச் செருகி, கட்டம் போட்ட பலகையில் பறப்பது போலவும், இரை கொத்துவது போலவும், சண்டை போடுவது போலவும் நிறுத்தி வைத்து வரைவார். அவருக்கு முந்தியவர்கள் வரைந்த பறவைகள் எல்லாம் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தது மாதிரி இருக்கும். இவருடையவை துடிக்கும். 1827-லிருந்து 1838 வரை, 435 படங்கள். ஒவ்வொரு பறவையும் நிஜ அளவு. பூநாரை காகிதத்தில் அடங்காது என்பதால் அதன் கழுத்தைத் தாழ்த்தி, தண்ணீரைப் பார்க்கிற மாதிரி வளைத்திருப்பார். அந்த வளைவுதான் அந்தப் படத்தின் அழகே. 2010-ல் லண்டனில் இந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி 70 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போயிற்று. கடனுக்கு ஜெயிலுக்குப் போனவரின் புத்தகம்!

அந்தக் காலத்துக்கு அது தப்பில்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். பைனாகுலர் சரியாக இல்லாத காலம், கேமரா இல்லாத காலம். பறவையியல் என்றாலே அப்போது துப்பாக்கிதான். நம் சலீம் அலியும் ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டவர்தான். ஆகவே 21-ம் நூற்றாண்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஆடுபனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற எண்ணம் எனக்கு இல்லை.

எனக்கு சுவாரஸ்யமாகப் பட்டது வேறு ஒன்று. பாரிஸில் ழாக் லூயி தவீத் என்ற பெரிய ஓவியரிடம் பாடம் படித்ததாக ஆடுபன் சொல்லிக்கொண்டார். பிற்காலத்தில் வரலாற்று ஆசிரியர்கள் தேடித் தேடிப் பார்த்தார்கள். ஆதாரமே இல்லை. ஆக, மனிதர் சுயம்புதான். ஆனால் வெளியே சொல்ல வெட்கப்பட்டு, இல்லாத ஒரு குருவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் குரு இருந்தால்தான் மதிப்பு. இந்தக் காலத்தில் குரு இல்லாவிட்டால்தான் மதிப்பு. அன்றைக்குப் பொய்யாக ஒரு பெயரை எழுதினார்கள், இன்றைக்கு இருக்கிற பெயர்களை அழிக்கிறார்கள். இரண்டுக்கும் கணக்கில் பெயர் ஒன்றுதான்.

ஆடுபன் 1813-ல் கென்டக்கியில் ஒரு காட்சியைப் பார்த்தார். பயணிப் புறாக் கூட்டம் ஒன்று தலைக்கு மேல் பறந்து போகிறது. சூரியனே மறைந்துவிட்டது. மூன்று நாளைக்குப் பறந்தன என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த இனத்தின் கடைசிப் புறா 1914-ல் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் செத்துப் போனது. கரோலினா கிளிகளை ஒரு கொத்தாக வரைந்திருப்பார், பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும். அந்த இனத்தில் கூண்டில் மிஞ்சியிருந்த கடைசிக் கிளி 1918-ல், அதே சின்சினாட்டியில் போய்ச் சேர்ந்தது. இவர் சுட்டதாலா அழிந்தன? இல்லை. காட்டை வெட்டினார்கள், விற்பதற்காகவும் பயிரைக் காப்பதற்காகவும் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். அழிந்த பிறகு பார்த்தால், புறா இல்லை, படம் இருக்கிறது. கிளி இல்லை, படம் இருக்கிறது. படத்துக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது.

அந்தப் படங்கள்தானே அவர் திருப்பிக் கொடுத்தது என்று சிலர் சொல்வார்கள். அவர் பெயரில் பறவைகளைக் காப்பாற்ற ஒரு பெரிய சங்கமே இருக்கிறது என்பார்கள். சங்கம் அவர் இறந்து பல வருஷத்துக்குப் பிறகு மற்றவர்கள் ஆரம்பித்தது. படம் என்பது, என் அபிப்பிராயத்தில், ரசீது. வாங்கியதற்கான ரசீது. ரசீதைக் காட்டி, கடனை அடைத்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

அப்படியென்றால் எதுதான் அடைப்பது?

இதற்குப் பதில் தேட அமெரிக்கா வரை போக வேண்டாம். நம் ஜில்லாக்காரர் ஒருவர் இருந்தார். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். (சங்கரன்கோவிலும் அப்போது திருநெல்வேலி ஜில்லாதான். 2019-ல்தான் தென்காசி மாவட்டத்துக்குப் போனது.) பெயர் மா. கிருஷ்ணன். அப்பா 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா. பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது, 1925-ல், சென்னைப் பல்கலைக்கழகக் கூட்டத்தில் தமிழைப் பாடமாக வைக்க வேண்டும் என்று பேசிய இடத்திலேயே மாதவையா இறந்துபோனார்.

அன்றைய மயிலாப்பூரை இன்றைய மயிலாப்பூராக நினைத்துக்கொள்ளாதீர்கள். புதரும் பொட்டலுமாக இருந்த இடம். நரி வரும். பையன் கீரிப்பிள்ளை வளர்த்தான். 1927-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தான். படிப்பில் பெரிய சூரன் எல்லாம் இல்லை. படித்தது ஓவியமும் இல்லை. படம் வரைவதும் போட்டோ எடுப்பதும் பார்த்துப் பார்த்து வந்ததுதான். வேலை லேசில் கிடைக்கவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினார், கேலிச் சித்திரம் போட்டார். 1942-ல் கர்நாடகத்தில் இருக்கிற சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. என்ன வேலை? வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவுக்கு அரசியல் செயலாளர் என்று மாற்றி மாற்றி எல்லாம். நடுவில் ஆடு மேய்த்துப் பார்த்தார். புறா வளர்த்துத் தபால் அனுப்பிப் பார்த்தார். மிச்ச நேரமெல்லாம் காடு, மலை.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் 1949-ல் மெட்ராஸ் திரும்பினார். 1950-ல் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இயற்கையைப் பற்றி ஒரு பத்தி எழுத ஆரம்பித்தார். எத்தனை நாள் எழுதினார் தெரியுமா? 46 வருஷம். வாரம் ஒரு பத்தி எழுதுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், எனக்கு மலைப்பாக இருக்கிறது. புலியும் யானையும் மட்டும் என்று நினைக்காதீர்கள். அணில், காக்கை, மைனா, ஆடு என்று கொல்லைப்புறத்துச் சமாசாரங்களும் சரிசமமாக வரும். கூடவே அவர் கையால் போட்ட படம். 1961-ல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரிலேயே காட்டுக்குப் பக்கத்தில் கொல்லைப்புறத்தையும் சேர்த்துத்தான் வைத்தார்.

கேமரா கதை தனி. அவருடையது கடையில் வாங்கிய கேமரா இல்லை. ஒரு கம்பெனியின் உடம்பு, இன்னொரு கம்பெனியின் லென்ஸ், மற்ற பாகங்கள் அவரே சேர்த்தது. பார்க்கிறவர்கள் சிரிக்கிற மாதிரி ஒரு பூதம். அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயர் வேறு வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டுதான் காட்டு யானைகளுக்குப் பின்னால் அலைந்தார். கடைசிவரை கறுப்பு வெள்ளைதான். ஊரெல்லாம் கலருக்கு மாறியபோதும் மாறவில்லை. தென்னிந்தியக் காடுகளில் பெரிய பாலூட்டிகள் எப்படி இருக்கின்றன என்று பல வருஷம் சுற்றி ஆராய்ந்து எழுதினார், 1975-ல் புத்தகமாக வந்தது. நேரு ஃபெலோஷிப், பத்மஸ்ரீ எல்லாம் கிடைத்தன. தமிழிலும் எழுதியிருக்கிறார். தியடோர் பாஸ்கரன் தொகுத்து 2002-ல் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று வந்தது. நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள். அந்தத் தமிழுக்காகவே படிக்கலாம்.

இவரைச் சுயம்பு என்று சொல்லிவிட எல்லா முகாந்திரமும் இருக்கிறது, இல்லையா? ஆனால் கொஞ்சம் கிட்டப் போனால் அந்தச் சொல் நிற்கவில்லை. மாநிலக் கல்லூரியில் ஃபைசன் என்று தாவரவியல் பேராசிரியர் இருந்தார். நீலகிரி, பழனி மலைத் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அவர் செடி தேடி மலைக்குப் போகும்போது பையனையும் அழைத்துப் போவார். தண்ணீர் வண்ணத்தை எப்படிக் கையாள்வது என்று பையனுக்குப் பிடிபட்டது பேராசிரியரின் மனைவியிடமிருந்து. அந்த அம்மாள் சம்பளம் வாங்கிய வாத்தியார் இல்லை. ஃபீஸ் ரசீது இல்லை. மலையில் எங்கோ ஒரு செடியின் முன்னால் உட்கார்ந்து, இப்படித் தொட்டு இப்படி இழு என்று சொல்லியிருப்பார். அவ்வளவுதான் இருக்கும். ஆனால் பற்றெழுத அது போதும்.

தமிழில் டெபிட்டுக்குப் 'பற்று' என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு நமஸ்காரம். வாங்கியதற்கும் அதே சொல், வாங்கியவரிடம் வைக்கிற பிரியத்துக்கும் அதே சொல்.

சரி, அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லலாம். பேராசிரியருக்குச் சொல்லலாம். அணிலுக்கு? மலைக்கு? இயற்கை என்கிற இந்தக் குருவிடம் ஒரு வினோதம் இருக்கிறது. கொடுத்ததே அதற்குத் தெரியாது. கேட்டும் வராது.

இந்த இடத்தில் ஏகலைவன் ஞாபகம் வராமல் இருக்காது. துரோணர் அவனுக்கு ஒரு நாள்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. மண்ணால் துரோணரைப் போல ஒரு பொம்மை செய்து வைத்துக்கொண்டு அவனே கற்றான். நியாயமாகப் பார்த்தால் அவனைப் போல ஒரு சுயம்பு கிடையாது. 'நீ யார் என்னைக் கேட்க?' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தான் கடன்பட்டவன் என்று அவன் கணக்கு எழுதியிருந்தான். துரோணர் கேட்டது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கட்டைவிரலைக் கேட்கிறவர் வாத்தியார் இல்லை, கந்துவட்டிக்காரர். ஆனால் வசூல் அநியாயம் என்பதால் கடன் பொய்யாகிவிடுமா? இரண்டும் வேறு வேறு.

பாகவதத்தில் ஒரு அவதூதர் வருவார். உனக்கு குரு யார் என்று கேட்டால், இருபத்துநான்கு பேர் என்று பட்டியல் போடுவார். பூமி, காற்று, கடல், மலைப்பாம்பு, தேனீ, சிலந்தி, குளவி என்று போகும். அதோடு நிற்காது. அம்பு செய்கிற ஒரு தொழிலாளி, வளையல் சத்தம் கேட்காமல் நெல் குத்திய ஒரு பெண், பிங்களை என்ற ஒரு தாசி, ஒரு குழந்தை. யாரிடம் எதைக் கற்றேன் என்று தனித்தனியாகச் சொல்வார். நான் பார்த்த வரையில் உலகத்திலேயே ஒழுங்காக எழுதிய கடன் கணக்கு இதுதான். இயற்கைதான் குரு என்று மொத்தமாகச் சொல்லித் தப்பிப்பது ரொம்ப எளிது சார். 'பலசரக்கு வகையறா' என்று ஒரே வரியில் கணக்கு எழுதுகிற மாதிரி. குளவியிடம் என்ன கற்றாய், சொல்? அங்கேதான் முழி பிதுங்கும்.

கல்லூரியில் வணிகச் சட்டத்தில் படித்த இன்னொரு விஷயம். ஒருவருக்கு நீங்கள் பணம் தர வேண்டும். சாதாரணமாக மூன்று வருஷத்துக்குள் அவர் வழக்குப் போடவில்லை என்றால் கடன் காலாவதி. அப்புறம் கோர்ட்டுக்குப் போய் வசூலிக்க முடியாது. ஆனால் 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 25-வது பிரிவில் ஒரு சின்ன உட்பிரிவு இருக்கிறது. காலாவதியான அந்தக் கடனைத் தருகிறேன் என்று கடன்பட்டவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், அது செல்லும். கடனுக்கு மறுபடி உயிர் வந்துவிடும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது, எந்த மடையன் இப்படி எழுதிக் கொடுப்பான் என்றுதான் தோன்றியது.

கிருஷ்ணன் எழுதிக் கொடுத்தார். வழக்குப் போடவே வக்கில்லாத தரப்புக்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கையெழுத்துப் போட்டு.

நான் மிகைப்படுத்தவில்லை. அவர் எழுத்தைப் படித்தால் தெரியும். அணிலை அவர் 'அழகான அணிற்பிள்ளை' என்று கொஞ்சிவிட்டுப் போகமாட்டார். அது என்ன செய்தது, எப்படிச் செய்தது, எத்தனை நேரம் செய்தது என்றுதான் இருக்கும். பார்த்ததைத் திரிக்காமல் சொல்வது அவருக்கு மரியாதை. இன்னொன்று, அந்தத் தரப்புக்காகச் சண்டை போட்டார். நகரத்துச் சாலைகளில் கண்ணுக்குப் பகட்டான அயல்நாட்டு மரங்களாகத் தேடி நட்டார்கள். இந்த மண்ணின் மரங்களுக்கு என்ன குறைச்சல், இவற்றை வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நாட்டின் அடையாளம் கோயிலிலும் சங்கீதத்திலும் மட்டும் இல்லை, அதன் செடி கொடி மிருகங்களிலும் இருக்கிறது என்பது அவர் கட்சி. சங்கரன்கோவிலுக்குத் தலபுராணத்தில் புன்னைவனம் என்று பெயர். தலமரமும் புன்னைதான். உங்கள் ஊர்த் தலமரம் எது, கோயிலுக்கு வெளியே அது எத்தனை நிற்கிறது என்று ஒரு நாள் நடந்து எண்ணிப் பாருங்கள். கிருஷ்ணன் எதைச் சொன்னார் என்று புரியும்.

இதெல்லாம் ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் உள்ள தலைவலி, நமக்கென்ன என்று நீங்கள் பக்கத்தைத் திருப்ப முடியாது. இன்றைக்கு எல்லார் பையிலும் கேமரா இருக்கிறது. எல்லாரும் சுயம்பு. சந்தோஷமான விஷயம்தான். ஆனால் படம் நன்றாக வர வேண்டும் என்பதற்காக என்னவெல்லாம் நடக்கிறது தெரியுமா? கூட்டில் இருக்கிற குஞ்சு சரியாகத் தெரியவில்லை என்று மறைக்கிற கிளையை ஒடிக்கிறார்கள். தாய்ப்பறவை மறைவுக்காகத்தான் அந்தக் கிளையைத் தேர்ந்தெடுத்தது. ஒடித்தபின் வெயிலுக்கும் தெரியும், காக்கைக்கும் தெரியும். பூச்சி பறந்து பறந்து போகிறது என்று பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்து, விறைத்துப் போனதும் இலை மேல் உட்கார வைத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆடுபன் கம்பி செருகினார். இவர்கள் ஐஸ் வைக்கிறார்கள். 2009-ல் லண்டனில் உலகத்தின் மிகப் பெரிய வனவிலங்குப் புகைப்படப் போட்டியில், ராத்திரியில் வேலியைத் தாண்டிக் குதிக்கிற ஓநாய் படம் முதல் பரிசு வாங்கியது. கொஞ்ச நாளில், அது காட்டு ஓநாயே இல்லை, பழக்கிய ஓநாயாக இருக்க வேண்டும் என்று சந்தேகம் வந்து, 2010 ஜனவரியில் பரிசைப் பறித்துவிட்டார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் அருமையாகப் பறவைப் படம் எடுப்பார். முறைப்படி கற்றுக்கொண்டதில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுப்பதைப் பற்றி ஒரு நாள் கேட்டேன். "ஒரே ஒரு படம்தான சார், அதுக்குள்ள என்ன ஆயிரப்போகுது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பறவை மேல் நிஜமாகவே ஆசை வைத்திருப்பவர். அதுதான் எனக்கு உதைக்கிறது. ஆடுபனுக்கும் ஆசைதான். ஆசை இருந்தால் போதும், மற்றதெல்லாம் மன்னிக்கப்படும் என்று நாம் எப்படியோ நினைத்துக்கொண்டிருக்கிறோம். கரையான் புற்றின் மேல் கருநாகத்துக்கும் ஆசைதான் இருந்திருக்கும்.

கலையும் தெரியாத, கேமராவும் தூக்காத சில பேர் இதைச் சுலபமாகச் செய்கிறார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் என்று ஊர். எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டும். முற்றத்து மரத்தில் நாரை இருக்கும், கீழே சைக்கிள் நிற்கும். எச்சம் விழும், நாற்றம் அடிக்கும். யாரும் விரட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று ஊர்க் கட்டுப்பாடே இருக்கிறது. எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது ஒரு காரணம். ஊருக்கு லட்சுமி வருகிறாள் என்கிற நம்பிக்கை இன்னொரு காரணம். எது எப்படியோ, வாங்குவதும் கொடுப்பதும் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. 1994-ல் அரசாங்கம் அதைச் சரணாலயமாக அறிவித்தது. அதற்கு முன்னாலும் ஊர்க்காரர்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

கிருஷ்ணன் இப்படி ஊர்க் கட்டுப்பாட்டுக்கு ஆட்பட்டவர் இல்லை. தனி ஆள். அவரை யாரும் கேட்கப் போவதில்லை. 1995-ல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் பிரிவு உலகச் சாதனையாளர்கள் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தது. எண்பதைத் தாண்டியாகிவிட்டது. போதும் என்று பேனாவை மூடி வைத்திருக்கலாம். மூடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெட்ராஸிலிருந்து கல்கத்தாவுக்கு உறை போய்க்கொண்டே இருந்தது. 1996 பிப்ரவரி 18-ம் தேதி காலை, ஸ்டேட்ஸ்மன் வாங்கியவர்கள் வழக்கம்போல அவர் பத்தியைப் படித்தார்கள். அதே நாளில்தான் அவர் இறந்துபோனார்.